முந்நூற்று அறுபத்தாறாவது மாத்திரை

1

இன்றோடு எழுபத்தோரு நாள். எண்ணக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் காலையில் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்போது வாய் தானாக ஒரு நம்பரைச் சொல்லிவிடுகிறது. அது என் பழக்கம்கூட இல்லை, என் அக்கா புருஷனுடைய பழக்கம்.

எனக்குப் பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தது இங்கே, ஜெர்மனியின் தெற்கில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், எங்கள் தெருமுனைக் கிளினிக்கில். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தக் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாளை ஒருமையில் பேசிவிடுகிறேன். இந்த பாஷையிலும் நீ உண்டு, நீங்கள் உண்டு. நம் ஊரைப் போலவே மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கும். "உனக்கு என் கார்டு வேணுமா?" என்று அறுபது வயதுக்காரியைக் கேட்டு வைத்தேன். கூட வந்திருந்த என் மகள் மீரா தரையைப் பார்த்துக்கொண்டாள். பதினாறு வயது. வெளியிடத்தில் நான் வாயைத் திறந்தாலே அவளுக்குக் காது கூசும். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். தினம் ஒரு மாத்திரை என்று எழுதினார். "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டேன். பதில் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பல்லை எத்தனை மாசத்துக்குத் தேய்ப்பீங்க?" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அவருக்கு அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வரியாக இருக்கும். மீரா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் யாரை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

எங்கள் ஊர் திருத்தணியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஜெர்மனியில் மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று. இன்றைக்கு அதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். மாத்திரைப் பெட்டிக்குள் பொடிப்பொடி எழுத்தில் ஒரு தாள் இருக்குமே, ஒரு தடவை பிரித்தால் திரும்ப மடிக்க வராதே, அந்தத் தாளை அச்சடித்து மடித்துக் கொடுக்கிற இடம் எங்கள் கம்பெனி. அதில் மடிக்கிற மெஷின்கள் என் பொறுப்பு. மருந்தை நான் தொட்டதுகூட இல்லை.

அந்தத் தாள்களில் எந்த மருந்தானாலும் ஒரு வரி தவறாமல் வரும். டாக்டரைக் கேட்காமல் இதை நிறுத்தாதீர்கள் என்று. ஒரு ஷிஃப்டு முழுக்க அந்த வரி என் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஜெர்மனில் சொல்வேன்.

ஊரில் முதல் ரெண்டு தடவை இதை விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் எனக்கே அது சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன். லீவில் போனால் தெருவில் இருப்பவர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய இவன் மாதிரி பின்பக்கம் திருப்பிப் படித்து, "ம், நல்ல மருந்துதான்" என்பேன். அந்த 'ம்' இருக்கிறதே, அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

என் அக்கா புருஷன் பேர் தயாளன். எங்கள் வீட்டில் பாதித் தெலுங்கு என்பதால் பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஊர்க்கோடியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டு, அதில் நாலு விசைத்தறி. லுங்கி நெய்கிறவர்கள். ஷெட்டுக் கதவைத் திறந்தால் நேரே மலை தெரியும். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருப்பதால் பாவா யாரிடம் பேசினாலும் கத்தித்தான் பேசுவார், போனிலும் அப்படித்தான். அவர் போன் வந்தால் என் மனைவி அடுத்த ரூமிலிருந்தே சிரிப்பாள்.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் தறிப் பக்கத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். பார்த்த டாக்டர் அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாராம். மாத்திரை எழுதிக்கொடுத்து, "இது ஆயுசு பூராவும்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது சரி. அதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "மாத்திரையத் தொட மாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு கீறாருடா. நான் சொன்னா இன்னா கேக்கறாரா? நீ மருந்துக் கம்பெனிக்காரன், நீ சொன்னா கேப்பாரு."

போனை அவரிடம் கொடுத்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான் இது அநியாயம்," என்றார் பாவா. "ஆயுசு பூராவும் போடணுமாம். குணமாவறதுக்குத்தானே மருந்து? சாவற வரைக்கும் போடறதுன்னா அது மருந்தா, தண்டனையா?"

நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதிலும் ஒன்று உண்டு. இது குணமாகிற விஷயம் இல்லை பாவா, அடக்கி வைக்கிற விஷயம், மாத்திரை இருக்கிற வரைக்கும்தான் அடங்கும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் போனை வைத்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. எதிரே சுவரில் காலண்டர். போன லீவில் ஊரிலிருந்து கொண்டுவந்தது, மலைக்கோயில் படம் போட்டது.

"பாவா, நம்ம மலை எத்தினி படி?" என்றேன்.

"இன்னா கேள்வி. முந்நூத்தி அறுவத்தஞ்சு."

"கீழ நின்னு மொத்தத்தையும் ஒண்ணாப் பாத்தா கால் எழும்புமா? எழும்பாதில்ல. அடுத்த படிய மட்டும் பாருங்க. ஒரு நாளு, ஒரு மாத்திரை, ஒரு படி. வருஷம் திரும்பறப்போ மேல நிப்பீங்க."

"ஒரு நாளு, ஒரு படி," என்று பாவா மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் கத்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் சொன்னார், "இப்படிச் சொன்னா புரியுது. அந்த டாக்டரு ஏன் மச்சான் இப்படிச் சொல்லல?"

எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, பூரித்துத்தான் போனது.

மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மீராவுக்கு அப்போது பதிமூணு வயது. போனை வைத்ததும் ஜெர்மனில் கேட்டாள். "முந்நூத்தி அறுபத்தஞ்சுக்கு அப்புறம் மாமா என்ன பண்ணுவாரு?"

"அதுக்குள்ள பழகிடும்," என்றேன். "அப்போ பாத்துக்கலாம்."

"ஆனா மேல போனவங்க கீழ இறங்கிடுவாங்களே."

"நீ உன் வேலையப் பாரு."

நான் தெரிந்தேதான் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். வாய் தவறிச் சொன்னதில்லை. மலைக்கு உச்சி உண்டு, அவர் பிரஷருக்கு உச்சி கிடையாது. முதலில் ஆரம்பிக்கட்டும், மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சாமர்த்தியம். மனுஷனைச் சின்னப் பிள்ளையாக நினைத்தால்தான் அப்படி ஒரு சாமர்த்தியம் வரும்.

4

பாவா அதை வேண்டுதலாகவே ஆக்கிக்கொண்டார். அது எனக்குத் தோன்றாத விஷயம். நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அவர் முருகனிடமே சொல்லிவிட்டார், முந்நூத்தி அறுபத்தஞ்சு முடிச்சா மலை ஏறி மொட்டை போடறேன் என்று.

தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் வரும். "மச்சான், இன்னிக்கு நாப்பத்தி ரெண்டாம் படி." பின்னாலேயே தறி கடகடவென்று அடிக்கும். நான் அதை ரயிலில் வேலைக்குப் போகும்போது கேட்பேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஷெட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார், படம் அனுப்பினார். பிரஷர் இறங்கியது. அக்கா, "உன் வாய்க்குச் சக்கரை போடணும்டா," என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சாலமோன் அண்ணனும் கூப்பிட்டார். என் கூடப் படித்தவனின் அண்ணன் அவர். தெலுங்கும் தமிழும் கலந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாக மாத்திரை நேரம் சொல்கிற மனுஷன். "தம்பி, உன் பாவா தறிக்காரங்க எல்லார்கிட்டயும் படிக் கதைய சொல்லிக்கினு கீறாரு. ஆர்.கே.பேட்டையிலேர்ந்து வரான், பள்ளிப்பட்டுலேர்ந்து வரான். பாதியில வுட்டவன்லாம் ஒழுங்கா வந்து வாங்கறான்." சந்தோஷமாகச் சொன்னார்.

ஆறேழு மாதம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, இது எங்கியோ போய்க்கினு கீது. ஒருத்தன், ரெண்டு ரெண்டு படியா ஏறினா சீக்கிரம் முடியுமேன்னு தினம் ரெண்டு மாத்திரை போட்டு மயக்கம் போட்டு வுழுந்துட்டான். இன்னொருத்தன், மலைக்கு வண்டி ரோடும் கீதே, படி ஏறினாத்தானான்னு கேட்டு ஏதோ கஷாயத்துக்கு மாறிட்டான். எங்க சபையில ஒரு அம்மா, நமக்கு எதுக்கு முருகன் படின்னு, பைபிள்ல சங்கீதம் நூத்தம்பதுன்னு வெச்சிக்கினாங்க. ஒரு நாளு ஒரு சங்கீதம், ஒரு சுகர் மாத்திரை. நூத்தம்பது முடிஞ்சி ஸ்தோத்திரம் பண்ணிட்டு நிறுத்திட்டாங்க. இப்ப சுகர் முந்நூறுக்கு மேல."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இவர்களில் ஒருவரும் முட்டாள் இல்லை. மலையை நன்றாகத் தெரிந்தவர்கள். மலைக்குப் படி உண்டு, வண்டி ரோடு உண்டு, ரெண்டு ரெண்டாகத் தாவலாம், ஏறினால் இறங்கலாம். நான் மலை என்று சொன்னேன், அவர்கள் மொத்த மலையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் கொடுத்தது அதில் ஒரு படி மட்டும்தான் என்று யாருக்குத் தெரியும்?

"நீ ஒரு வாய்ஸ் போடு தம்பி," என்றார் சாலமோன் அண்ணன். "நான் சொன்னா, கடைக்காரன் யாவாரத்துக்குச் சொல்றான்றானுங்க. நீ சொல்லு, நம்புவாங்க."

"போடறேண்ணே," என்றேன். மூணு தடவை பதிவு செய்தேன். மூணு தடவையும் அழித்தேன். ஒழுங்காகச் சொல்வதென்றால், நான் டாக்டர் இல்லை, தாள் மடிக்கிறவன், தெரிந்தே பாதியைச் சொன்னேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த முதல் வரி எனக்கு வரவில்லை. வேலை, ஷிஃப்டு, மீராவின் பரீட்சை என்று நாட்கள் போய்விட்டன.

5

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் காலையில் படம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பின்னால் கோபுரம் தெரிய, பாவா பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "மச்சான், மேல வந்துட்டேன்." மிச்சமிருந்த ரெண்டு மாத்திரை அட்டையை உண்டியலில் போட்டுவிட்டதாக இன்னொரு செய்தி. வேண்டுதல் முடிந்த பிறகும் மாத்திரையை வைத்துக்கொண்டிருந்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா?

நான் மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். எனக்கு எதிரே அந்த வரி ஓடிக்கொண்டிருந்தது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள். "சூப்பர் பாவா" என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். "டாக்டர ஒருவாட்டி பாத்துடுங்க பாவா," என்று மட்டும் இழுத்தேன். "எதுக்கு? போன வாரம் பாத்தேன், நூத்தி முப்பதுதான். சரியாப் பூட்ச்சு," என்றார். மாத்திரையால்தான் நூற்று முப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தறியைப் பார்க்கப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, இங்கே சாப்பாட்டு இடைவேளையில், அக்காவிடமிருந்து போன். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் போய்விட்டது.

உயிர் பிழைத்தார். கத்திப் பேசுகிற மனுஷனுக்கு நாலைந்து வார்த்தைதான் மிஞ்சியது. அதில் அதிகம் வருவது 'ஆங்'. சோறு வேணுமா, ஆங். வலிக்குதா, ஆங். எல்லாவற்றுக்கும் ஆங்தான்.

என்னால் உடனே போக முடியவில்லை. அப்போதுதான் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தேன். பாஸ்போர்ட் மாறினால் இங்கே வசிப்பதற்கான அட்டையையும் மாற்ற வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில், ஏழு வாரம் கழித்து வா என்று கடிதம் போட்டார்கள். அட்டை இல்லாமல் போனால் திரும்பி வருவது சிக்கல். நேரில் போய் நின்றேன். "அக்கா கணவர் நேரடி உறவில் வர மாட்டார்," என்றாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண். அவளிடம் கோபப்பட எனக்கு வசதியாக இருந்தது. ஏழு வாரம் கழித்து அட்டை வந்தது. அப்புறமும் நான் போகவில்லை. அதற்கு எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது.

ஏனென்றால் அக்கா எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். மொட்டை போட்ட அன்று அவள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறியிருக்கிறாள். பாதி தூரத்துக்கு மேல் முட்டி விட்டுப்போய்விட்டது. கீழே இறங்கி, ஆட்டோவில் வண்டி ரோடு வழியாக மேலே போய்விட்டாள்.

"நான் பாதியில வுட்டுட்டன்டா," என்று போனில் அழுதாள். "அதான் சாமி பாதி உடம்ப எடுத்துக்கிச்சு."

"அப்படிலாம் இல்லக்கா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாரா வாரம் சொன்னாள், வாரா வாரம் அதையே சொன்னேன். ஒரு வருஷம்.

6

கிளினிக்கிலிருந்து வரும்போது காரில் மீரா கேட்டாள், "அத்தைக்கு இன்னும் தெரியாதா?"

தமிழில் கேட்டாள். ஜெர்மனில் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லி நழுவியிருப்பேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். தெரியாது என்றேன்.

"நீ சொல்லலன்னா நான் சொல்றேன். என் தமிழ்ல."

அவள் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அதில் மென்மை எதுவும் கிடையாது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நேர் வார்த்தைகள்தான். அன்று சாயந்தரமே டிக்கெட் போட்டேன்.

7

திருத்தணியில் இறங்கியதும் நேராக சாலமோன் அண்ணன் கடைக்குப் போனேன். அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் போனை எடுத்து, "இங்கியே பேசு," என்றார். கடை வாசலில் நின்று பேசினேன். நான் டாக்டர் இல்லை, மருந்துத் தாள் மடிக்கிறவன். பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் வருஷக் கணக்கு கிடையாது. நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொன்னால் மட்டும்தான். என் பாவா நிறுத்தியது நான் பாதி சொன்னதால். இப்படியாக ரெண்டு நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது.

அவர் அதைப் போட்டுக் கேட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இவ்ளோ நீட்டா இருந்தா எவன் கேப்பான் தம்பி? மலைன்றது ஒரு வார்த்தை." இருந்தாலும் எல்லாருக்கும் அனுப்பினார். சிலர் கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்குப் போனபோது பாவா ஷெட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்தது. "ஆங்," என்றார். சுவரில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. ஷெட்டு இருட்டாக இருந்தது. மலைப் பக்கக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாளில் துரு ஏறியிருந்தது. வெயிலுக்காகச் சாத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா தறிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தறி ஓட்டுவது அவள்தான். எண்ணெய்க் கேனின் மூக்கை ஒவ்வொரு இடமாக வைத்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டே போனாள். எங்கள் அப்பா, நைனா என்போம், அவரும் தறிக்காரர்தான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை அது. எத்தனை மாசத்துக்கு எண்ணெய் விடணும் என்று தறிக்காரன் எவனாவது கேட்டிருக்கிறானா? தறி ஓடற வரைக்கும் விட வேண்டியதுதான். இதைச் சொல்லியிருந்தால் பாவாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். தினமும் அந்தக் கேனைக் கையில் பிடிக்கிற மனுஷனுக்கு, காலண்டரில் இருக்கிற மலையைக் காட்டியிருக்கிறேன். ஊரை விட்டு வந்தவனுக்கு மலைதான் ஞாபகம் இருக்கும்போல. எண்ணெய்க் கேன் இருப்பதில்லை.

உடனே ஓடிப்போய் இதையும் சாலமோன் அண்ணனிடம் சொல்லி எல்லாருக்கும் அனுப்பச் சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். பழைய தறிக்கு எண்ணெய் எதுக்கு, இரும்புக்குப் போட்டுடலாம் என்று சொல்கிறவனும் இதே தெருவில்தான் இருப்பான்.

அக்கா முதல் தறியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நூல் அறுந்தது. தறியை நிறுத்தி முடிச்சுப் போடக் குனிந்தாள். அந்த அமைதியில் சொன்னேன்.

"அக்கா, நீ ஆட்டோல போனதால எதுவும் ஆவல. பாவா மாத்திரைய நிறுத்துனதால ஆச்சு. நிறுத்துனது என்னால. ஆயுசுக்கும் போடணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒரு வருஷம்னு சொன்னேன்."

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். நூலை இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"அப்போ சாமி குத்தம் இல்லியா?"

"இல்லக்கா."

"என் குத்தமும் இல்ல?"

"இல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாத்தியிருந்த கதவைக் கையால் காட்டினாள்.

"அந்தக் கதவ ஒரு வருஷமா நான் தொறக்கல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த முருகனப் பாக்கறதுன்னு. கிருத்திகைக்கு ஊரே மேல போச்சு, நான் உள்ள உக்காந்துக்கினு இருந்தேன். வாராவாரம் போன்ல உங்கிட்ட அழுதேன். நீ கேட்டுக்கினே இருந்த." கையை இறக்கினாள். "இத சொல்ல உனக்கு ஒரு வருஷமாடா?"

பாவாவுக்கு நான் செய்ததை அவள் மன்னித்துவிடுவாள் என்று நினைக்கிறேன். தெரியாத்தனம், ஆசையில் சொன்னது என்று ஏதாவது ஒரு பேரில் அது அவளுக்குள் அடங்கும். இந்த ஒரு வருஷத்துக்குப் பேர் இல்லை.

"நாளைக்குக் காலையில நான் மலைக்குப் போறேன்," என்றாள். "வுட்ட படியிலேர்ந்து மஞ்ச வெக்கணும். நீ வராத. எட்டு மணிக்கு அவருக்கு மாத்திரை. மறக்காம குடு."

மறுநாள் நான் எழுந்தபோது அக்கா கிளம்பிப் போயிருந்தாள். ஷெட்டுக் கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாளை எப்படித் திறந்தாளோ, துரு கீழே கொட்டிக் கிடந்தது. பாவா வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு மாத்திரையை அவர் இடது கையில் வைத்து, தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையையே பார்த்தார். நாக்கைப் புரட்டி, ரொம்ப சிரமப்பட்டு ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தார்.

"எத்...தினி?"

"இன்னிக்கு ஒண்ணு பாவா."

"நா...ளைக்கு?"

"நாளைக்கும் ஒண்ணு. அப்புறமும் தினம் ஒண்ணுதான்."

அவர் கண் மலைக்குப் போய்த் திரும்பி என்னிடம் வந்தது. கேட்க வந்ததற்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"படி இல்ல பாவா. மேல போய் நிக்கிற கணக்கே இல்ல. எனக்குத் தெரியும், உங்ககிட்ட மறைச்சேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது, துண்டால் துடைத்துவிட்டேன்.

"ஆங்," என்றார்.

சோற்றுக்கும் வலிக்கும் சொல்கிற அதே ஆங்.